அட்டை

சிவப்பு விழுந்த பிறகும் நிற்காமல் வந்த வெள்ளை வேன்
போர்ட்டேஜ் அவென்யூ முடக்கில்
என் டக்சியின் வலக்கதவை மடித்த அன்று
கண்ணாடிக்குக் கீழே கமெரா
மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.
கண் திறந்திருந்தது.
உள்ளே ஒன்றும் போகவில்லை.
அட்டை மூன்று கிழமைக்கு முதலே செத்துவிட்டதாம்.

படம் இருக்கா என்றார்கள் காப்புறுதியில்.
இல்லை.
பாதிப் பிழை வேனுக்கு, பாதிப் பிழை எனக்கு,
கேக் வெட்டுவதுபோல வெட்டித் தந்தார்கள்.

ஆகவே இன்று, வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
போலோ பார்க் கடையில்
மூக்குக்கண்ணாடி புகைபடிய நிற்கிறேன்.
முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு,
நூற்றிருபத்தெட்டு, இருநூற்றைம்பத்தாறு:
சுண்டுவிரல் நகத்தளவில்
சிவப்பாய், சாம்பலாய், பொன்னாய்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொடியெழுத்து.
ஒரு கிண்ணம், அதன் வயிற்றில் மூன்று.
சாதகக் கட்டம் இதைவிடச் சுகம்.

பத்து டொலருக்கு ஒரு டெராபைட் என்று
இணையத்தில் வாங்கினான் கிருபைநாதன்.
எட்டு கிகாபைட் தாண்டியதும்
எழுதியதெல்லாம் வெறுங்கோது.

பெயர்ப்பட்டையில் ஜோசலின் என்றிருந்த பெண்
விலையைச் சொல்லவில்லை. கேட்டாள்:
"எத்தனை மணி நேரம் ஞாபகம் இருக்க வேண்டும்?"

இப்படி என்னை யாரும் கேட்டதில்லை.

நூற்றிருபத்தெட்டில் ஏறக்குறையப் பதினாறு மணி நேரம்,
பிறகு பழையதன் மேல் புதியது ஏறும் என்றாள்.
பதினாறென்றால் ஒரு நைட் ஷிப்ட்,
அடுத்ததில் முதல் நாலு மணி.
அதற்கு முந்தியவர்கள்,
சார்ஜன்ட் அவென்யூவில் ஏறி இறங்கும்வரை அழுதவள்,
விமான நிலையம்வரை மீன்தொட்டியை மடியில் வைத்திருந்தவர்,
காசு தராமல் ஓடி, பனியில் சறுக்கி விழுந்து,
திரும்பி வந்து தந்த பெடியன்,
எல்லாரும் புதுப்பனிக்குக் கீழே.

அட்டை என்று சரியாய்த்தான் பேர் வைத்திருக்கிறோம்.
மற்ற அட்டை நிறையக் குடித்தால் தானே கழன்று விழும்.
இது விழாது.
பழைய இரத்தத்தைக் கக்கிவிட்டு
அதே இடத்தில் திரும்பவும் வாய் வைக்கும்.
மெத்தையில் கிடத்தினாலும் செத்தையைத்தான் தேடும்:
வடக்கே வானம் பச்சையாய் ஆடும் இரவிலும்
இது பார்ப்பது
முன்னால் போகும் லொறியின் பின்பக்கம், உப்புச் சேறு.

"குளிர் தாங்குமா?"
"மைனஸ் இருபத்தைந்துவரை என்று எழுதியிருக்கிறது."
"வெளியே முப்பத்தொன்று."
"நான் இலோய்லோவில் செய்தது," என்று சிரித்தாள்,
"பதினொரு விண்டராய் ஓடுகிறேன்."

அவளிடம் சொல்லாதது ஒன்று.
செத்த அட்டையை நேற்றிரவு துருவியதில்
ஒரேயொரு கோப்பு உயிரோடு வந்தது.
மூன்று நிமிடம்.
படத்தில் அசையாத பனிச்சுவர், ஏதோ ஒரு பார்க்கிங்.
ஒலியில் நான்:
"ஓம் நிரோ, சாப்பிட்டிட்டன்.
சோறுதான். ஓம், சூடாத்தான்."
பிறகு கொஞ்சம் மூச்சு.
பிறகு சிப்ஸ் பை கிழியும் சத்தம்.

வேனைப் பார்க்கவில்லை. சிவப்பைப் பார்க்கவில்லை.
எனக்கெதிரான சாட்சியை மட்டும்
பத்திரமாய் வைத்திருந்தது.

நூற்றிருபத்தெட்டு, நீண்டநாள் தாங்குவது,
வரியோடு நாற்பத்தொரு டொலர்.
டக்சிக்குள் செருகியதும் கமெரா கேட்டது:
எல்லாம் அழிக்கப்படும். சம்மதமா?
வெற்று அட்டையைப் பார்த்துக் கேட்டது.
கையுறையைக் கழற்றி ஆம் அழுத்தினேன்.
ஒலிவாங்கிக் குறிக்கு மேலே
விரல் கொஞ்ச நேரம் நின்றது. அணைக்கவில்லை.

போன் அடித்தது. நிரோஜினி.
"சாப்பிட்டாச்சா?"
சிவப்புப் புள்ளி மினுங்கியது.
"இன்னும் இல்லை," என்றேன்.

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"அப்ப," என்றாள், "இவ்வளவு நாளும்?"