மீன் எண்ணும் நேரம்

டெல்ஃபீன் போட்ட திட்டம்
பிளாஸ்டிக் உறைக்குள் அவள் கழுத்தில் தொங்கியது.
ஏழு பத்துக்கு வாசல். ஏழு நாற்பதுக்கு ராட்சத ரயில்.
எட்டு இருபத்தைந்துக்குள் கடற்கொள்ளையர் குகை.
கழிப்பறைக்கு எனக்கு நாலு நிமிடம்,
ப்ரெனாவுக்கு ஒன்பது.
மதியச் சாப்பாடு நடந்துகொண்டே.

நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்தோம்,
இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை
ஐந்தே நாளில் கரைக்க.
தலைக்கு, நாளுக்கு, மணிக்கு எவ்வளவு என்று
வகுத்து வைத்திருந்தாள்.
வரிசையில் நிற்கும்போதெல்லாம்
அவள் முகத்தில் டாக்ஸி மீட்டர் ஓடியது.

நான் லாரி ஓட்டுகிறவன். பதினெட்டுச் சக்கரம்.
எட்டு மணி நேரம் ஓட்டினால்
அரை மணி நேரம் நிறுத்தியாக வேண்டும், சட்டம்.
பதினொன்று ஆனால் அன்றைய ஓட்டம் முடிந்தது.
ஏமாற்ற முடியாது,
வண்டியில் ஒரு பெட்டி உட்கார்ந்து கணக்கெழுதுகிறது.
இத்தனைக்கும் நான் ஏற்றிப்போவது
பன்றிக்கறியும் காகித டயப்பரும்.

இங்கே என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன்.
பெட்டியைக் காணோம்.

முதல் நாள் இருபத்தாறாயிரம் அடி நடந்ததாக
டெல்ஃபீனின் கைக்கடிகாரம் மத்தாப்பு கொளுத்திக் கொண்டாடியது.
இரண்டாம் நாள் ப்ரெனா யாரோடும் பேசவில்லை.
பதினான்கு வயது; அதனால் கவனிக்கவில்லை.
மூன்றாம் நாள் பதினொன்று இருபதுக்கு
டோபின், ஐந்து வயது,
ஐஸ்கிரீம் வண்டிக்கு முன்னால்
ஃப்ளோரிடாவின் ஜூலைத் தரையில்
மல்லாந்து படுத்துவிட்டான்.
அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.
நெடுஞ்சாலையில் கிடக்கும் டயர்த் துண்டை
ஒதுக்கிப் போவது போல
ஜனங்கள் விலகிப் போனார்கள்.

"எழுந்திரு, இன்னும் பதினாறு நிமிடம்தான்."
எதற்குப் பதினாறு என்று டெல்ஃபீனுக்கே தெரியவில்லை.
தாளைப் பார்த்தாள்.
உறைக்குள் ஆவி பிடித்திருந்தது.

அப்போதுதான் நீர்நாய் வந்தது.
மஞ்சள் கால்சட்டை போட்ட ஆளுயர நீர்நாய்.
கை குலுக்கியது, படத்துக்கு நின்றது,
டோபின் பக்கம் குனியப் பார்த்து, வயிறு இடிக்க, விட்டுவிட்டது.
கூடவே ஒருத்தி; சட்டையில் ஓடாலிஸ் என்று பெயர்.
அவள் நீர்நாயைப் பார்க்கவே இல்லை,
மணியை மட்டும் பார்த்தாள்.
வரிசையில் இன்னும் முப்பது பேர் இருக்கையிலேயே
"மன்னிக்கணும் நண்பர்களே,
நீர்நாய் இப்போ மீன் எண்ணப் போகணும்" என்று
முழங்கையைப் பிடித்து
ஒரு பச்சைக் கதவுக்குள் கூட்டிப்போய்விட்டாள்.
ஒருவரும் சண்டை போடவில்லை.
கையசைத்தார்கள்.

கதவு சாத்துவதற்குள் தெரிந்தது:
கழற்றிய தலைக்கு அடியில் ஒரு பையன்,
நெற்றியில் ஒட்டிய முடி,
ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீர்.

டெல்ஃபீனும் பார்த்துவிட்டாள்.
கழுத்திலிருந்து திட்டத்தைக் கழற்றி
டோபினுக்கு விசிறினாள்.
"பாக்கி நாளுக்கு எவ்வளவு நஷ்டம்?" என்றேன்.
"வாயை மூடு. அவனைத் தூக்கு."

மோட்டலில் திரையை இழுத்துவிட்டு
இரண்டு கட்டிலில் நாலு பேர், ஷூவோடு.
ஏசி குளிர்காலத்து இன்ஜின் மாதிரி இருமியது.
மூன்று மணி இருக்கும்,
ப்ரெனா கூரையைப் பார்த்துச் சொன்னாள்:
"எனக்கு உயரம்னா பயம்.
சொல்ல நேரமே கிடைக்கல."

சாயங்காலம் திரும்பிப் போனோமா என்றால்,
தாழ்வாரத்து ஐஸ் இயந்திரம் வரை போனோம்.
டோபின் பதினொரு தடவை பொத்தானை அமுக்கினான்.
வரிசை இல்லை.

இப்போது டிசம்பர். வயோமிங்கில் பனி.
பத்தரை மணி நேரம் ஓட்டியாயிற்று.
அடுத்த நிறுத்தம் நாற்பது மைல்,
எட்டிப் பிடித்துவிடலாம் என்று கை சொல்கிறது.
போனில் டெல்ஃபீன், பின்னால் பாத்திரச் சத்தம்.
எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
"மீன் எத்தனை?" என்றாள்.

"இன்னும் எண்ணல," என்று
வலப்பக்க விளக்கைப் போட்டேன்.