ஐஸ் தெரிந்தவன்

இருபத்திரண்டு வருடமாய்
கோலக்கெட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே
செண்டோல் விற்கிறேன்.
எனக்கு ஐஸ் பாடம் எடுக்கிறாள்
மிஸ்ஸி ரோஹாயா.

மருந்து ஏறுவதற்கு முன்பே
வாயில் போடணுமாம்.
கரையக் கரைய இன்னொன்று, அரை மணி நேரம்.
குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும்,
வாய்க்கு மருந்து குறைவாய்ப் போகும்.
"கடை ஐஸ் வேண்டாம், பாக்சிக்.
கொதிக்க வைத்த தண்ணீரில் செய்யுங்கள்."

முதல் தடவை யாரும் இதைச் சொல்லவில்லை.
சொல்லியும் இருக்கலாம்.
நான் வேன் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் தடவைக்கு ஒன்பதாம் நாள்
அமிர்தவல்லிக்கு வாய் திறக்கவில்லை.
நாக்கோரம், கன்னத்தின் உள்பக்கம்,
கீழுதட்டுக்குப் பின்னால்
வெள்ளை வெள்ளையாய்.
டார்ச் அடித்து எண்ணினேன்.
ஏழில் நிறுத்திவிட்டேன்.

செம்பனை மில்லின் சங்குக்கு முன்னால்
அவள் குரல் எழும்பும் வீடு.
பக்கத்து வீட்டுக் கோழிக்கும்
என் சில்லறைப் புத்திக்கும்
ஆளுக்கொரு சொல் வைத்திருந்தவள்
மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் காட்டினாள்:
கஞ்சி சுடுது.
கஞ்சி எப்போதோ ஆறிவிட்டது.

பிறகு வீட்டுக்கு வந்தவை:
மஞ்சள் வாத்துப் படம் போட்ட
பிள்ளைகள் பிரஷ்.
கொப்பளிக்க, ஒரு போத்தல் தண்ணீரில்
உப்பும் சமையல் சோடாவும்.
சாப்பாட்டுக்குச் சற்று முன் தடவ
மரத்துப்போகும் ஜெல் ஒன்று.
வலி இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில்
நாலு வாய் விழுங்கவேண்டியவள்
கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுப்
பேசினாள்.
மரத்த நாக்கில் எழுத்தெல்லாம் வழுக்க
குழறிக் குழறி,
கடையைச் சாத்திட்டு இங்க என்ன வேடிக்கை,
சம்பள நாளாச்சே, கூட்டம் வருமே,
உங்கம்மா பெத்தது பிள்ளையா உலக்கையா…
ஸ்பூனோடு நின்றேன்.
நிறுத்தச் சொல்ல மனமில்லை.
கஞ்சியில் ஆடை கட்டியது.

இரண்டாம் தடவைக்கு முந்தின இரவு
தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, உறைய வைத்து
துணியில் சுற்றி அடித்தேன்.
என் கைக்குத் தெரிந்ததெல்லாம்
ஊசி ஊசியாய்ச் சீவுவது.
ஒரு சில்லை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
குத்தியது.
ஆறின தண்ணீரில் ஒவ்வொன்றாய் அலசி
முனை மழுங்க,
குண்டுமணி அளவுக்குப் பொறுக்கியெடுத்தபோது
மணி இரண்டு.
ஐந்து வெள்ளி கொடுத்தாலும்
இப்படி யாருக்கும் செய்ததில்லை.

பினாங்குப் பாலத்தில் நெரிசல்.
பிளாஸ்க் அவள் மடியில்.
திறக்காதே என்றேன்,
இரண்டு தடவை திறந்து பார்த்தாள்.

இந்த முறை மூன்று புண்.
எண்ணி முடித்தேன்.

அடுப்படிக்குப் பின்னால்
பெயிண்ட் டின்னில் அவள் வளர்த்த மிளகாய்ச் செடி
பட்டுப்போயிற்று.
கொப்பளித்ததை அதன் மேல்தானே துப்பினாள்,
தினம் ஐந்து வேளை, உப்பை.
அவளும் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாசார் மாலாமில்
ஒரு நாற்று வாங்கினேன், சிலி பாடி,
காரம் கூடியது.
பைப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன்,
துப்பினால் எட்டாத தூரத்தில்.