கூறு

வீட்டு எண் நூற்றுப் பதினேழு.
தலைவி: எலுபே சிங்வாலு.
வயது கேட்டேன்.
போன தடவை ஏரி வற்றியபோது
முதுகுத் துணியில் கட்டிச் சுமந்தார்களாம்.
ஏதோ ஓர் எண் போட்டேன்.

இப்போது மறுபடி வற்றியிருக்கிறது.
சில்வா ஏரி வரைபடத்தில் நீலமாகத்தான் இருக்கிறது.
நான் அந்த நீலத்தின் மேல்
சைக்கிள் மிதித்து வந்தேன்.

கடந்த ஏழு நாட்களில்
இந்த வீட்டில் என்னென்ன சாப்பிட்டீர்கள்?

நூற்று நாற்பது பண்டங்கள்.
ஒன்றையும் தாண்டக் கூடாது.
பாலாடைக்கட்டி? இல்லை.
டப்பா இறைச்சி? இல்லை.
ஒயின்?
பாயில் குப்புறக் கிடந்த ஃபலேசி
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
எனக்கும் வந்தது. ஆனால் கையேடு, எட்டாம் பக்கம்:
கணக்கெடுப்பவர் முகத்தில்
எதையும் காட்டக் கூடாது.

உலர்ந்த மீன்?
படங்களை எடுத்து நீட்டினேன்.
சின்னக் கூறு, நடுக் கூறு, பெரிய கூறு.
ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில்
அளவுக்கு ஒரு நீலப் பேனா.
எத்தனை கூறு, கூறு என்று
கருவி காத்து நிற்கிறது.
எலுபே பெரிய கூறை வெகுநேரம் பார்த்தாள்,
அழைப்பு வராத கல்யாணத்தின்
போட்டோவைப் பார்ப்பதுபோல.
பிறகு சொன்னாள்:
பேனா நன்றாக இருக்கிறது.

சின்னக் கூறு, ஒன்று.
ஆறு பேர், ஏழு நாள்.
மக்காச்சோள மாவு ஒரு வாளி, தலை தட்டி.
பூசணி இலை, வேலியோரம் பறித்தது.
விலை கொடுக்காததற்கும் விலை கேட்கச் சொல்கிறது கருவி:
விற்றிருந்தால் எவ்வளவுக்கு விற்றிருப்பீர்கள்?
வாங்க ஆள் இருந்தால், என்றாள்,
இலையை ஏன் நாங்கள் தின்கிறோம்.

கடைசிப் பண்டமும் முடிந்து
பொத்தானை அமுக்கினால் திரை சிவக்கிறது.
நம்பத்தகாத மதிப்பு.
இவ்வளவு குறைவாக ஒரு குடும்பம் உண்ண முடியாது.
மறுபடி கேட்கவும்.

கேட்டேன்.
அதே மீன், அதே வாளி, அதே இலை.
அதே சிவப்பு.
வெயில் பாயின் பாதிக்கு வந்துவிட்டது,
எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி.
எலுபே கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள்.
என்ன, கோபித்துக்கொண்டதா?
உன் சம்பளத்தில் பிடிப்பார்களா?
நான் வாயைத் திறக்கவில்லை.
எட்டாம் பக்கம்.
பாவம், என்றாள்.
மீனை மூன்றாக்கிக்கொள்.
பீன்ஸ் ஒரு தட்டுப் போடு.
ஃபலேசி, அவருக்கு எத்தனை முட்டை
வேண்டுமென்று கேள்.

இப்படித்தான் அந்த வீட்டில்
அந்த வாரம்
நான்கு முட்டை தின்றார்கள்.

ஸோம்பா அலுவலகத்தில் திரு. லிபெங்கா
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
சுத்தமான தரவு என்றார்.
ஏரிக்கரை வட்டாரத்தில் புரத நுகர்வு
வறட்சியைத் தாங்கி நிற்கிறது என்று
அறிக்கையில் ஒரு வரி வந்தது.
பக்கத்திலேயே ஒரு வரைகோடு, அதில் சின்ன மேடு.
மாவு ஏற்றிய லாரிகள்
அந்த மேட்டைப் பார்த்து
வேறு பாதையில் திரும்பின.
சிவப்பு மறைந்ததும் எனக்கு வந்த நிம்மதியை
எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை.

இன்னொன்றும் விடுபட்டுப்போனது.

கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி உண்டு:
கடந்த ஏழு நாட்களில் வெளியாள் யாராவது
இந்த வீட்டில் சாப்பிட்டார்களா?
நான் கேட்டு முடிப்பதற்குள்
ஃபலேசி செம்போடு வந்து
என் கையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டாள்.
ஏழு நாள் என்பது நேற்றோடு முடிகிறது.
ஈர விரலால்
இல்லை என்று தொட்டேன்.

தட்டில் வெள்ளை ந்ஸிமாக் களி, ஆவியோடு.
அதன் ஓரத்தில் மூன்று மீன்.
ஒவ்வொன்றும்
என் பேனாவில் பாதி நீளம்.