பழுது இல்லை

டெல்ஃப்சைல் துறைமுகத்தில், கடல்தடுப்புக் கரையை ஒட்டி,
உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடை.
வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது.
முதலாளி ஹில்பிராண்ட் கதவுக்கு மேலே கைகாட்டினார்:
"அந்தச் சாம்பல்நிறப் பெட்டியைத் தொடாதே.
பையன்கள் கூட்டம் போடாமலிருக்க மாட்டியது."

அவருக்கு அது வெறும் பெட்டி.
எனக்கோ,
ஈரக் கண்ணாடியில் யாரோ ஊசிமுனையால்
ஒரே கோட்டை
முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருப்பது.
கடைவாய்ப் பல் கூசியது.
எண்ணெய்ச் சட்டி இரைச்சல், கப்பலின் ஊதல்,
எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக,
நொடிக்குப் பதினேழாயிரத்து நானூறு துடிப்பு.
"எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?" என்றேன்.
"எதை?" என்றார்.
அவர் நடிக்கவில்லை.

முதல் மாதம் பஞ்சு வைத்துக்கொண்டேன்.
பிறகு பஞ்சு வாங்க மறந்தேன்.
பழகிவிட்டது என்று நினைத்தேன்:
மயோனைஸ் வாடை பழகவில்லையா,
வாடகை பழகவில்லையா.
பழகுவதற்கும் போய்விடுவதற்கும்
காலடிச் சத்தம் ஒன்றுதான் போலிருக்கிறது.

போன அக்டோபரில், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை,
கடை அமைதியாக இருந்தது.
அமைதி என்று மனம் சொன்ன பிறகுதான்
திடுக்கிட்டேன்.
ஹில்பிராண்ட் ஊரில் இல்லை. பெட்டி கெட்டுவிட்டது.
க்ரோனிங்கனுக்குப் போன் போட்டேன்.

ஓக்கே என்பவர் ஏணியோடு வந்தார், ஐம்பதைத் தாண்டியவர்.
கையளவு மீட்டரைப் பெட்டியருகே நீட்டினார்.
முள் எழுந்து, ஆடாமல் நின்றது.
"அலறிக்கொண்டிருக்கிறது" என்றார்.
இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டோம்.
ஃப்ரிட்ஜ்.
"உங்கள் வயது?"
"முப்பத்தொன்று."
அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை,
ரசீதில் எழுதினார்: பழுது இல்லை. எண்பத்தைந்து யூரோ.
டிப்ஸ் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு நரை இல்லை, மூட்டுவலி இல்லை.
கூரையில் ஓர் ஓடு குறைந்ததை
மழை வந்து சொல்லும்.
இதைச் சொல்ல எனக்கு ஒரு முள் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் வரும் சீட்ஸ்கே
தள்ளுவண்டியைக் கதவருகே நிறுத்துவாள்.
நிறுத்தியதும் குழந்தை யுரே வீறிடுவான்.
பல் முளைக்கிறது என்பாள். பசி என்பாள்.
தெருமுனை திரும்பியதும் அழுகை நிற்கும்;
அதைக் கடற்காற்றின் கணக்கில் எழுதுவாள்.
எத்தனை வெள்ளிக்கிழமை நானும் தலையாட்டி,
மரமுள்கரண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்!
முதல் நாள் நான் கேட்ட கேள்வியைத்தான்
அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.
எதை, எதை என்று
நாங்கள் எல்லோரும் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளி, முக்காலி போட்டு ஏறி
பிளக்கைப் பிடுங்கினேன்.
என் காதில் ஒன்றும் மாறவில்லை.
எண்ணெய் இரைந்தது. ஹில்பிராண்ட் உள்ளே சில்லறை எண்ணினார்.
வெளியே யுரே
பாதி அழுகையை வாயில் வைத்துக்கொண்டு
மேலே பார்த்தான்.
"பல் வெளியே வந்துவிட்டது போல" என்றாள் சீட்ஸ்கே.
எதிர்ச்சாரியில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த பையன்,
பதினான்கு இருக்கும்,
சாவி கையிலிருக்க நிமிர்ந்து
நேராக என்னைப் பார்த்தான்.
நான் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

மறுவாரம் வாசலில் ஆறு பையன்கள்.
ஒரே பொட்டலம், ஆறு கை.
ஹில்பிராண்ட் முகம் சுளித்தார்:
"பெட்டி ஓடுகிறதா பார். நீ இளசு,
உனக்குக் கேட்குமே."

தலையைச் சாய்த்தேன்.
வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.
"கேட்கிறது" என்றேன்,
கூசியது போல் கொஞ்சம் முகத்தைச் சுருக்கி.