ஒரு முதுகுச் சுமை

அப்போது எங்கள் தீவில் அரசன் இல்லை.
சட்டத்தை எழுத்து இன்னும் தொடவில்லை.
அது முழுதும் வெர்முந்தின் வாயில் இருந்தது,
மோர் காய்ந்த தாடிக்குப் பின்னால்.

கோடைக்கு மூன்றில் ஒரு பங்காகச் சொல்வான்.
எரிகுழம்பு உறைந்த கருஞ்சுவர்
அவன் குரலை வாங்கி
எங்கள் தலைமேல் திருப்பி எறியும்.
கொலைக்கு இத்தனை வெள்ளி.
வேலி தாண்டிய குதிரைக்கு இத்தனை.
அண்டை வீட்டானைப் பற்றிப் பழிப்பாட்டுக் கட்டினால்,
இரண்டே வரியானாலும்,
இத்தனை.

நாங்கள் பாதிப்பேர் தூங்குவோம்.
மழை பெய்தால் முக்கால்வாசி.

ஆனால் ஒரு வழக்கம் உண்டு:
அவன் விட்டுப்போனதைக்
கூட்டம் கலையுமுன் எவனும் கேட்காவிட்டால்
அது செத்தது.
யாரும் வெட்ட வேண்டாம், எரிக்க வேண்டாம்.
சும்மா இருந்தால் போதும்.

அந்த ஆண்டு கரைப் பகுதி.
"கடல் தள்ளிய திமிங்கிலம் கரைக்குரியவனுக்கு" என்றான்.
மூச்சு விட்டான்.
"மிதந்து வந்த மரமோ" என்று தொடர்ந்தான்.

விழுந்த பல்லின் குழியை
நாக்கு தேடுமே, அப்படி
எனக்குள் ஏதோ துழாவியது.
இடையில் ஒரு நடை குறைந்தது.
முன்வரிசையைப் பார்த்தேன்.
மேற்கு விரிகுடா முழுதும் தனதென்னும் ஸ்டைனோல்ஃப்
தன் செருப்பு வாரை முடிந்துகொண்டிருந்தான்,
ஏற்கனவே முடிந்திருந்த வாரை.

நான் நீதிமான் அல்ல.
பன்னிரண்டு ஆடு, ஒரு கடன், ஒழுகும் கூரை.
கூடாரத்தில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
"விட்டுவிட்டாய்" என்று வாய் சொன்ன பிறகுதான்
அது என் வாய் என்று தெரிந்தது.

வெர்முந்த் கோபப்படவில்லை.
கிழட்டுக் கண்ணால் என்னைத் தேடினான்.
"எதை? சொல்."

இரண்டு சொல் வந்தது.
'கரையில்லாதவன் வந்தால்...'
அப்புறம் காற்று மட்டும்.
யாரோ சிரித்தான்.
ஸ்டைனோல்ஃப் நிமிர்ந்தான்.

அப்போது எனக்குப் பின்னால்,
பெண்கள் நிற்கும் ஆற்றோரத்திலிருந்து,
ஹால்பெராவின் குரல், தாழ்ந்து,
தறிக்குப் பாவு எண்ணுகிறவளைப் போல:
'ஒரு முதுகு தாங்குமளவு அவனுக்கு.'

அந்தப் பாறையில் அவள் குரலுக்கு இடமில்லை.
என் குரலுக்கு இருந்தது.
"ஒரு முதுகு தாங்குமளவு அவனுக்கு" என்று கத்தினேன்.

'முதுகு அவனுடையதாக இருக்கட்டும்.'
"முதுகு அவனுடையதாக இருக்கட்டும்!"

'குதிரையுடையது ஆகாது.'
"குதிரையுடையது ஆகாது!"

கருஞ்சுவர் மூன்றையும் திருப்பிச் சொன்னது.
அதற்கு யார் சொன்னது என்ற கணக்கில்லை.

வெர்முந்த் உதட்டை அசைத்துப் பார்த்தான்,
தொலைந்த சாவியைப் பூட்டில் போட்டுப் பார்ப்பதுபோல்.
"ஆம்" என்றான். "அப்படித்தான்."
தொடக்கத்திலிருந்து மறுபடி சொன்னான்.
அவன் மறந்தானா, மறக்க வைத்தார்களா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

எப்படித் தெரியும் என்று ஹால்பெராவைக் கேட்டேன்.
அவள் புருஷன் பஞ்சத்தில் செத்த ஆண்டு
ஆறு கல் தொலைவு நடந்தாளாம்,
முதுகில் கொழுப்பு ஒழுக.
"என் முதுகுக்குத் தெரியும்" என்றாள்.
மறு கேள்விக்கு நிற்கவில்லை.

ஏழு குளிர்காலம் கழித்து
கன்றுத்தோலில் எல்லாம் ஏறியது.
தோல் மறக்காது என்கிறார்கள்.
தோல் எதிர்த்தும் கேட்காது.
எழுதியவனிடம் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்.
கரைப் பகுதி இருந்தது, முதுகும் குதிரையும் இருந்தன.
சொற்களுக்கு நடுவே அவன் விட்ட வெள்ளை இடத்தில்
கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன்.
"அழுக்காகிவிடும்" என்று கையைத் தட்டினான்.

அந்த இலையுதிர்காலம்
திமிங்கிலம் எதுவும் ஒதுங்கவில்லை.
அடுத்த ஆண்டும் இல்லை.