உதட்டில் ஒரே எழுத்து

ஆரம்பாக்கத்தில் ஏறித் தடாவில் இறங்கினால்
ஒரே ஒரு நிறுத்தம்.
அதற்குள் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம்
தலைக்கட்டுக் கட்டிக்கொள்கிறது.
காதுள்ளவர்களுக்கு அங்கே பாஷை மாறும்.
எனக்கு உதடு மாறும்.

ஆறு வயதில் வந்த காய்ச்சல்
இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போனபிறகு
வாய்களைப் படித்து வளர்ந்தவள் நான்.
வெற்றிலை வாய் கஷ்டம்.
மீசை வாய் அதைவிடக் கஷ்டம்.
அம்மாவின் வாய் பெரிய எழுத்துப் புத்தகம்.
பவுலின் படபடவென்று பேசுவாள்,
ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாள்.

அவள்தான் சொன்னாள், கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்,
கார் கதவுக்கு ரப்பர் பதிக்கிற வேலை,
பஸ் உண்டு, ஒருவேளைச் சாப்பாடும் உண்டு.
ஐ.டி.ஐ. சான்றிதழை எடுத்துக்கொண்டேன்.
ஃபிட்டர். எண்பத்தோரு சதவீதம்.
அதன் பின்னால் அரசாங்கம் தந்த இன்னொரு அட்டை.
அதிலும் ஒரு சதவீதம் போட்டிருக்கும்,
படிப்பைவிட ஒன்பது கூடுதலாக.

விண்ணப்பத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்
கைபேசி எண்ணுக்கு.
அழைப்போம் என்று அதன் கீழே.
குறுஞ்செய்தி அனுப்புங்கள் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
மூன்று தடவை அழைத்தார்களாம்.
எடுக்கவில்லையாம்.
நான்காம் நாள் நானே போய் நின்றேன்.

கேட்டில் காவலாளி பெயர் வாசித்தார்.
எந்த நொடியில் அந்த வாய் என் பெயராகும் என்று
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவரோ காகிதத்துக்குள் குனிந்து வாசிக்கிறவர்.
தேசராணி, தேசராணி என்று
இரண்டு தடவை தரையிடம் சொல்லியிருக்கிறார்.
பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள்.

உள்ளே ஒரு மேஜை, ஒரு மீசை.
பேரு, என்றது. புரிந்தது.
ஊரு. அதுவும் புரிந்தது.
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
பேரும் ஊரும் ஒன்றுதான்,
பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.
அட்டையைப் புரட்டினார்.
அடுத்த நாற்காலிக்குத் திரும்பி ஒரு வார்த்தை,
செவி என்று தொடங்குகிற வார்த்தை.
அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார்,
பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்து.
தீப்பிடித்தால் மணி அடிப்போம்.
உனக்கு எப்படிக் கேட்கும்?

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டினேன்.
பிரஸ் ஓடுகிற கூடம்.
தரை அதிர்வது என் செருப்பு வரை வந்தது.
அங்கே எல்லார் காதிலும் ஆரஞ்சு நிற அடைப்பான்,
கம்பெனியே கொடுப்பது.
கூரையில் ஒரு சிவப்புச் சுழல் விளக்கு,
இப்போதைக்கு அணைந்து.
நோட்டில் எழுதி நீட்டினேன்:
அவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

படித்தார். மீசை அகன்றது, சிரிப்பாக இருக்கலாம்.
அப்புறம் சொன்னார்,
பனி லேது.
அல்லது, மணி லேது.
இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டிப் பிரியும்,
மீதியை நாக்கு உள்ளே மறைத்துச் செய்யும்.
வேலைக்கு அவர்கள் வைத்த சொல்
எங்களிடம் மார்கழியில் புல்மேல் கிடப்பது.
வெயில் ஏறினால் இருக்காது.

நோட்டைத் திருப்பித் தரவில்லை. கேட்டு வாங்கினேன்.

சாயங்கால யூனிட் வண்டியில்
எதிரே ஒருத்தி, கழுத்தில் கம்பெனி அட்டை,
ஷிப்ட் முடிந்த கண்.
பணி என்ன? என்றாள்.
பேச்சில் யாரும் அப்படிக் கேட்பதில்லை,
ஆனாலும் அன்றைக்கு எல்லா வாயிலும்
எனக்கு அதுதான் தெரிந்தது.
இல்லை, என்றேன்.
கத்திவிட்டேன் போல, மூன்று பேர் திரும்பினார்கள்.

அவள் தன் வெறும் மணிக்கட்டைத்
தட்டிக் காட்டினாள்.
கைபேசியை அவள் பக்கம் திருப்பினேன்.
ஐந்து பத்து.
அதன் கீழே, தெரியாத எண்ணிலிருந்து
தவறிய அழைப்பு ஒன்று.