பொருந்தாத ஒரு கோடு

குவோப்பியோவில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
விளக்கைப் போடாமல் உட்கார்ந்து
சாம்பல் நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாம்பல்.
ஒன்று என்னுடையது.
எது என்பது எனக்கே மறந்துபோனால்
இன்றைய வேலை முடிந்தது.

ஏரி அலுவலகத்தில் மூன்று கணினிகள்.
ரீக்காவினுடையதில் எல்லா மூலையும் உருண்டை,
கூழாங்கல் அடுக்கினாற்போல.
கிடங்கில் இருப்பது பழசு;
பொத்தான்கள் விளிம்பு தூக்கி
புதுச் சோப்புக்கட்டிகளாய் நிற்கும்.
மூன்றாவதை இரவுக் காவலர் கறுப்பாக்கிவிட்டார்,
கண் கூசுகிறதாம்.
மூன்றிலும் ஓட வேண்டியது ஒரே நிரல்:
பனிக்கட்டி இன்று எத்தனை தடிமன்
என்று குறித்துவைக்கும் நிரல்.

போன இடத்திலெல்லாம் அது
சவுனாவுக்குள் கம்பளிக் கோட்டோடு
நுழைந்தவன் மாதிரி நின்றது.
மெனு அரை எழுத்து கீழே தொங்கியது.
உருள்பட்டை தடித்து எல்லாரையும் இடித்தது.
அதனால்தான் என்னிடம் வந்தது.

இங்கே ஆறு பிக்சல் வளைவு, அங்கே பூஜ்யம்.
இங்கே நிழல் கீழே விழும்.
அங்கே வெளிச்சம்
மேல் இடது மூலையிலிருந்து
இருபது வருடமாய் நகராமல் அடிக்கிறது;
அந்தச் சூரியனுக்கும் நான் கணக்கு வைக்க வேண்டும்.
சுட்டி வந்தால் எவ்வளவு வெளுப்பது,
அழுத்தினால் எவ்வளவு அமுங்குவது,
முடக்கிய பொத்தான் எந்த அளவுக்கு
இருந்தும் இல்லாமல் இருப்பது.

"இன்னைக்கு என்ன செஞ்சே?" என்பான் பெர்த்தி,
சூப்பைக் கிளறிக்கொண்டே.
செய்தது தெரியாதபடி செய்தேன் என்பேன்.
உப்பை நகர்த்திவைப்பான்.

டிசம்பர் நடுவில் வெளியிட்டேன்.
ஒரு புகார் இல்லை. ஒரு வரி இல்லை.
ஒரு மாதம் அந்த மௌனத்தைத் தின்றே கொழுத்தேன்.

பிறகு தௌனோ ஹக்காரைனென் தொலைபேசியில் வந்தார்.
ஏரியில் துளையிட்டு அளப்பவர்.
நாலு சொல்லுக்கு மேல் பேசினால்
ஐந்தாவதுக்காக வருந்துபவர்.
"ஜன்னல் நல்லா இருக்கு."
இடைவெளி.
"ரொம்ப நல்லா."
இன்னொரு இடைவெளி. அதற்குள் ஒரு நாய் குரைத்தது.

நீரோட்டத்துப் பக்கம் எட்டு சென்டிமீட்டர் என்று
ரீக்கா முந்தின நாளே பதிந்திருக்கிறாள்.
எச்சரிக்கைப் பெட்டியும் வந்திருக்கிறது,
விடிகாலை, காவலரின் திரையில்,
கறுப்போடு கறுப்பாய்,
என் கையாலேயே மூலை மழுக்கி
என் கையாலேயே குரல் தாழ்த்தி.
அவர் கண் அதன்மேல் பட்டிருக்கிறது.
அவர் பார்க்கவில்லை.

பனிவண்டி பாதி தூரம் போனதும்
அடியில் சத்தம் மாறியதாம்.
"திரும்பிட்டேன்" என்றார்.
எந்த மாதிரிச் சத்தம் என்று
நான் கேட்கவில்லை.

அன்று மாலை கரைக்குப் போனேன்.
புதுப்பனி விழுந்திருந்தது.
எட்டு சென்டிமீட்டரும் நாற்பதும்
ஒரே வெள்ளை.
என் வேலையை
ஏரி என்னைவிட நேர்த்தியாய்ச் செய்திருந்தது.
குளிர் காதைக் கடிக்கும்வரை
ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட்டேன்.
மூன்று பிக்சல். ஆரஞ்சு.
மூன்று கணினியின் வண்ணங்களிலும்
சொந்தபந்தம் இல்லாத ஆரஞ்சு.
மூலையை வளைக்கவில்லை.
நிழல் கொடுக்கவில்லை.
பெட்டியின் இடப்பக்கம்
அது பாட்டுக்குத் துருத்திக்கொண்டு நின்றது.

மறுநாள் ரீக்கா எழுதினாள்:
"புதுசா என்னவோ கண்ணை உறுத்துது.
எங்க மெஷினுக்குச் சேரவே இல்ல."
சரி, என்று பதில் போட்டேன்.

மற்ற இருநூற்றுப் பதினொரு பொத்தான்களை
இதுவரை யாரும் பார்த்ததில்லை.
நேற்று இரவு அவற்றில் ஒரு தேர்வுப்பெட்டியை
அரை பிக்சல் மேலே ஏற்றினேன்.